ஊசியா, மாத்திரையா, பழைய மருந்தா? எக்சிமாவில் எந்தச் சமிக்ஞையை நிறுத்துவது

எக்சிமா என்ற நாள்பட்ட அரிப்புத் தோல் நோய்க்குப் பல வருடம் களிம்பு பூசி வந்தவரிடம் ஒரு நாள் தோல் மருத்துவர், "இனிமேல் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும்" என்பார். அப்போது மூன்று வழிகள் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் டுபிலுமாப் ஊசி. செல்லுக்குள் இருக்கும் ஜாக் என்ற நொதியை அடைக்க, தினமும் விழுங்கும் ஜாக் தடுப்பான் மாத்திரை. அப்புறம், பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் சைக்ளோஸ்போரினும் மெத்தோட்ரெக்சேட்டும்.

வீட்டில் இந்த மூன்றையும் "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து" என்று ஒரே பெயரில் பேசிவிடுவோம். அப்படிப் பேசினால் விலையைத் தவிர ஒப்பிட எதுவும் இருக்காது. உண்மையில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சமிக்ஞையை வேறு வேறு இடத்தில் நிறுத்துகின்றன. எதை நிறுத்துகிறது என்பது தெரிந்தால் பலன் எவ்வளவு வேகமாக வரும், என்ன பக்க விளைவு வரும், தோல் எந்த அளவுக்குச் சரியாகும் என்பதெல்லாம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

தோலை உடைப்பது யார்

தோலின் மேற்படலம் இறந்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கும் மெல்லிய தகடு. செல்கள் செங்கல் என்றால் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் இடையில் பூசிய சாந்து. ஃபிலாக்ரின் என்ற புரதம் செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் இழைகளை இறுக்கிக் கட்டுகிறது. பிறகு தானே சிதைந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சிறு மூலக்கூறுகளாக மாறுகிறது. இது குறைந்தால் தோல் வறளும், தூசியும் கிருமியும் உள்ளே நுழையும்.

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மெக்லீன் குழுவினர் ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள பிழைகளுக்கும் எக்சிமாவுக்கும் இருக்கும் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இந்தப் பிழை உண்டு. கதை முடிந்தது போலத்தான் இருந்தது: தோல் பிறவியிலேயே ஓட்டை, அதன் வழியாக வருவதை எதிர்த்து உடல் கொதிக்கிறது. ஆனால் அந்தப் பிழை உள்ள பலருக்கு எக்சிமா வருவதே இல்லை. எக்சிமா உள்ள பலரிடம் அந்தப் பிழையும் இல்லை. மறுவருடமே அமெரிக்காவின் டென்வரில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. மரபணு சரியாக இருக்கும் நோயாளிகளின் தோலிலும் ஃபிலாக்ரின் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களுக்கு ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு சைட்டோகைன்களைக் கொடுத்ததும் அவையும் ஃபிலாக்ரின் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டன.

சைட்டோகைன் என்பது எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் செய்தி. அந்தச் செய்தியைத் தோல் செல்களும் கேட்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். ஐஎல்-4ம் ஐஎல்-13ம் ஸ்டாட்6 என்ற புரதம் வழியாக உள்ளே வேலை செய்து ஃபிலாக்ரினைக் குறைக்கின்றன, மேல்தோலின் இன்னொரு புரதமான லோரிக்ரினையும் குறைக்கின்றன. செராமைடின் கொழுப்புச் சங்கிலியை நீட்டும் நொதிகளையும் அடக்குகின்றன. சங்கிலி குட்டையாகிவிட்டால் சாந்து இறுக்கமாகப் படியாது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் போதாதென்று, தோல் தானே சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களும் குறைகின்றன. எக்சிமா தோலில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியேற இது ஒரு பெரிய காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஎல்-31 தோலின் நரம்புகளையே தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது. ஐஎல்-22 மேல்தோலைத் தடிக்க வைக்கிறது; நாள்பட்ட எக்சிமாவில் முழங்கை மடிப்பு சொரசொரவென்று தடித்துப்போவதில் அதற்குப் பங்குண்டு. டிஎஸ்எல்பி என்பது சேதமான தோல் செல்களே எழுப்பும் அபாயச் செய்தி. சொறியச் சொறிய டிஎஸ்எல்பி வரும், அது ஐஎல்-4, ஐஎல்-13 பக்கத்தைத் தூண்டும், அவை தோலை மேலும் உடைக்கும்.

முதல் செய்தியான டிஎஸ்எல்பியையே நிறுத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடாதா என்று தோன்றும். செய்து பார்த்தார்கள். ஆஸ்துமாவில் நன்றாக உதவும் டெசிபெலுமாப் என்ற ஊசி எக்சிமாவில் சரியாக எடுபடவில்லை. ஒருமுறை பற்றிக்கொண்ட எக்சிமா தொடர்ந்து எரிய அந்த முதல் செய்தி தேவைப்படுவதில்லை போலும். சமிக்ஞைப் படத்தை வரைந்து, முதல் அம்புக்குறியை அழித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

உள்ளுக்குப் போகும் முன் களிம்புக் கணக்கு

ஊசி வேண்டும் என்று வருபவர்களில் கணிசமானவர்கள் களிம்பையே சரியாகப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். அதனால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பு எல்லாச் சைட்டோகைன்களையும் ஒருசேர அடக்கும். வேகமாகவும் அடக்கும். சிக்கல் என்னவென்றால், கொழுப்புச் சாந்து தயாரிப்பையும் அது அடக்கிவிடும். எக்சிமா நோயாளிகளில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் பிமெக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2009-ல் வந்தது. வீக்கத்தைக் குறைப்பதில் பீட்டாமெத்தசோன் முந்தியது. மேல்தோலை மெலிய வைத்ததும் அதுவே. பிமெக்ரோலிமஸ் பூசிய பக்கத்தில் கொழுப்பு அடுக்குகள் ஒழுங்காகத் திரும்பியிருந்தன. என் கணக்கு இதுதான்: கிளம்பி எரியும்போது சில நாள் ஸ்டீராய்டு, அடங்கிய பிறகு வாரம் இரண்டு நாள், பிமெக்ரோலிமஸ் வகையையே சேர்ந்த டாக்ரோலிமஸ் களிம்பு. முகம், கண் இமை, கழுத்து என்றால் டாக்ரோலிமஸ்தான் முதல் தேர்வு. முதல் சில நாள் எரியும், அப்புறம் பழகிவிடும்.

டாக்ரோலிமஸ் பெட்டியில் புற்றுநோய் எச்சரிக்கை இருக்கிறதே என்று பயப்படுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் சேர்க்கச் சொன்னது அது. பிறகு ஏறக்குறைய 8,000 குழந்தைகளைப் பத்து வருடம்வரை கவனித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்ப்பைவிட அதிகமான புற்றுநோய் தெரியவில்லை.

இந்தியாவில் ஸ்டீராய்டு பற்றிய பயத்துக்கும் அளவுக்கு மீறிய துணிச்சலுக்கும் குறைவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பயந்து பாதியில் நிறுத்துபவரே, மருந்துக் கடையில் "படைக்கும் சொறிக்கும்" என்று கேட்டு வாங்கிய மூன்று மருந்துக் கலவைக் களிம்பை மாதக்கணக்கில் பூசுவார். அந்தக் கலவையில் குளோபெட்டசோல் இருக்கும்; ஸ்டீராய்டுகளிலேயே மிகக் காட்டமானது அதுதான். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைப் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை.

ஈரப்பூச்சுக்கு எதை வாங்குவது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். இங்கிலாந்தில் 550 குழந்தைகளை வைத்து லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமே இல்லை. எதைத் தினமும் பூசுவீர்களோ அதுவே நல்லது. சென்னை வெயிலில் கெட்டியான ஆயின்மென்ட்டைப் பூசிக்கொண்டு யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள், லோஷனே போதும். சுத்தமான தேங்காயெண்ணெய்க்கும் சான்று உண்டு. பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தர எக்சிமா உள்ள குழந்தைகளிடம் செய்த சோதனையில் மினரல் ஆயிலைவிட அது நன்றாக வேலை செய்தது, தோலிலிருந்து நீர் வெளியேறுவதும் குறைந்தது. ஆலிவ் எண்ணெய்தான் தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைப்பதாகத் தெரிகிறது; அதைக் குழந்தை மசாஜுக்கு வாங்கியிருந்தால் சமையலுக்குக் கொடுத்துவிடலாம். கத்தரிக்காயையும் கருவாட்டையும் எல்லாருக்கும் நிறுத்துவது தேவையில்லாத தண்டனை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டதும் தெளிவாகக் கிளம்புகிறது என்றால் மட்டும் அதைப் பார்க்கலாம்.

ஊசி: இரண்டு சமிக்ஞை மட்டும்

இவ்வளவும் செய்தும் தூக்கம் போகிறது, உடலில் பாதி சிவந்து கிடக்கிறது என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

டுபிலுமாப், ஐஎல்-4 செய்தியைச் செல் வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஆல்ஃபா பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. ஐஎல்-13ம் அதே பகுதியைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் ஒரே மருந்தில் இரண்டும் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் 2017 மார்ச்சில் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2022-ல் ஆறு மாதக் குழந்தைவரை அது நீண்டது. பெரியவர்களுக்கு முதல் நாள் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300.

முதல் பெரிய சோதனைகளில் ஒன்றில், 16 வாரத்தில் நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் 75 சதவீதமாவது குறைந்தவர்கள் 51 பேர், வெற்று ஊசி போட்டவர்களில் 15 பேர், இரண்டும் நூற்றுக்கு. பாதிப்பேருக்கு அந்த அளவு வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். என்னைக் கவர்ந்தது வேறொன்று. அடுத்தடுத்த ஆய்வுகளில் தோலின் மேல் ஒட்டுப்பட்டையை ஒட்டி ஒட்டி உரித்து, எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். 16 வாரத்தில் அது நன்றாகக் குறைந்தது, செராமைடு சங்கிலிகள் மறுபடி நீண்டிருந்தன. மேலே எதையும் கட்டாமல், உடைக்கும் செய்தியை நிறுத்தியதாலேயே தோல் தன்னைத் தானே கட்டிக்கொண்டது.

எதிர்ப்பு சக்தியின் பெரும்பகுதியை இது தொடுவதில்லை. அதனால் இந்தியாவில் முக்கியமான காசநோய் பயம் இங்கே பெரிதாக இல்லை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆனால் இந்த இரண்டு சைட்டோகைன்களும் குடற்புழுவை எதிர்க்கும் படை. புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். கண் சிவந்து உறுத்துவதுதான் அடிக்கடி வரும் பக்க விளைவு. கண்ணில் சளிப்படலம் சுரக்கும் செல்களுக்கு ஐஎல்-13 தேவை என்பது இதற்கு ஒரு விளக்கம்.

தோலில் ஐஎல்-4ஐவிட ஐஎல்-13தான் மிஞ்சி நிற்கிறது. அதனால் ஐஎல்-13ஐ மட்டும் பிடிக்கும் டிரலோகினுமாப், லெப்ரிகிசுமாப் ஊசிகளும் வந்தன. லெப்ரிகிசுமாபின் எண்கள் டுபிலுமாப் அளவுக்கு நிற்கின்றன, டிரலோகினுமாப் சற்றுப் பின்தங்குகிறது. அரிப்புச் செய்தியான ஐஎல்-31ன் ஏற்பியை அடைக்கும் நெமோலிசுமாப், ஜப்பானில் 2022லும் அமெரிக்காவில் 2024 டிசம்பரிலும் எக்சிமா அரிப்புக்கும் எக்சிமாவுக்கும் அனுமதி பெற்றது. அரிப்பே முதல் தொல்லை என்பவர்களுக்கு அது பொருந்தும்.

மாத்திரை: நாலைந்து சமிக்ஞை ஒரே இடத்தில்

ஐஎல்-4, ஐஎல்-13, ஐஎல்-22, ஐஎல்-31, டிஎஸ்எல்பி என்று மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் செல்லுக்குள் ஒரு பொது இடைத்தரகர் உண்டு. அது ஜாக்1 நொதி. உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் இரண்டும் அதை முதன்மையாக அடைக்கின்றன. அமெரிக்காவில் 2022 ஜனவரியில் இரண்டுக்கும் எக்சிமாவுக்காக அனுமதி வந்தது.

வேகம்தான் இவற்றின் பலம். உபாடாசிட்டினிப் 30 மில்லிகிராமையும் டுபிலுமாபையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனையில், முதல் வாரத்திலேயே அரிப்பு சராசரியாக 31 சதவீதம் குறைந்தது. டுபிலுமாபில் 9 சதவீதம். ஐஎல்-31ன் செய்தியையும் சேர்த்து நிறுத்துவதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. 16 வாரத்தில் 75 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் மாத்திரையில் 71 சதவீதம், ஊசியில் 61. ஆனால் 24 வாரத்தில் அது 64, 60 என்று நெருங்கிவிட்டது. முதல் மாதத்தில் மாத்திரை ஜெயிக்கிறது, ஆறு மாதத்தில் ஊசி கிட்டத்தட்டப் பிடித்துவிடுகிறது. விளம்பரத்தில் முதல் எண்ணை மட்டும் காட்டுவார்கள், இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த வேகத்துக்கு விலை இருக்கிறது. ஜாக்1 எக்சிமாவுக்காக மட்டும் படைக்கப்பட்டதல்ல, வைரஸ் எதிர்ப்புச் செய்திகளும் அதே வழியில்தான் போகின்றன. அக்கி வரலாம், முகப்பரு நிறையப் பேருக்கு வரும், கொலஸ்ட்ரால் ஏறலாம். தொடங்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான பரிசோதனை கட்டாயம். மருந்துப் பெட்டியில் மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் எச்சரிக்கையும் இருக்கும். அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. டோஃபாசிட்டினிப் என்ற மூத்த ஜாக் மருந்தை, 50 வயது தாண்டி, இதய நோய்க்கு ஏதேனும் ஒரு காரணமாவது உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்தபோது, ஒப்பீட்டு மருந்தில் 2.5 சதவீதமாக இருந்த மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 3.4 சதவீதமாகவும் புற்றுநோய் 2.9லிருந்து 4.2 சதவீதமாகவும் இருந்தன. 25 வயது எக்சிமாக்காரருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. 60 வயதில் சர்க்கரை நோயோடு சிகரெட்டும் பிடிப்பவருக்கு அது நன்றாகவே பொருந்தும். ஐரோப்பாவில் 65 தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இது கூடாது.

இந்தியாவில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் இரண்டுக்கும் உள்நாட்டுத் தயாரிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021-ல், எலி லில்லி நிறுவனம் சிப்லா, லூபின், சன் ஃபார்மா ஆகியவற்றுக்குப் பாரிசிட்டினிப் தயாரிக்க உரிமத்தொகை இல்லாமல் அனுமதி கொடுத்தது. ஊசி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மருத்துவர்கள் இவற்றை எழுதுகிறார்கள். பாரிசிட்டினிப்புக்கு ஐரோப்பாவில் 2020-லேயே எக்சிமா அனுமதி உண்டு. டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கு அந்த அனுமதி இல்லை. விலை குறைவு என்பதற்காகப் பரிசோதனையைக் குறைக்க முடியாது, மாத்திரை மலிவானாலும் அதன் எச்சரிக்கை அதேதான்.

பழைய இரண்டு

சைக்ளோஸ்போரின், டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களையே அமைதிப்படுத்துகிறது. எந்தச் சைட்டோகைன் என்று பார்ப்பதில்லை. சில வாரத்தில் பலன் தெரியும். சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கும் என்பதால் நீண்ட நாள் ஓட்ட முடியாது. மெத்தோட்ரெக்சேட் மெதுவானது, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடுமையான எக்சிமா உள்ள குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் சைக்ளோஸ்போரின் முந்தியது, மருந்தை நிறுத்திய பிறகு மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவர்களின் நிலைமைதான் மேலாக இருந்தது. மாதச் செலவும் மிகக் குறைவு. ஆனால் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாவது உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு இதுவும் ஆகாது; சைக்ளோஸ்போரினைத் தேவையென்றால் கர்ப்பத்திலும் கொடுக்கிறார்கள்.

பிரெட்னிசொலோன் மாத்திரையையோ "ஒரே ஊசியில் சரியாகிவிடும்" வகை ஸ்டீராய்டு ஊசியையோ இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அடக்கிவிட்டு நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகக் கிளம்பும்.

யாருக்கு எது

பணம் தடையில்லை என்றால் குழந்தைக்கும் வயதானவருக்கும் காசநோய் வரலாறு உள்ளவருக்கும் நான் ஊசியைத்தான் முதலில் சொல்வேன். ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டுபிலுமாப் இரண்டுக்கும் வேலை செய்யும். இளவயது, வேறு நோய் இல்லை, அரிப்பில் தூங்காமல் வேலைக்குப் போக முடியவில்லை, ஊசியில் சரியாகவில்லை அல்லது கண் தொல்லை தாங்கவில்லை என்றால் ஜாக்1 மாத்திரை. வசதி குறைவு என்றால், மலிவான ஜாக் மாத்திரைக்குத் தாவும் முன் மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஒரு நேர்மையான வாய்ப்பு கொடுக்கலாம். அது வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் சைக்ளோஸ்போரினை வைத்துச் சமாளிக்கலாம். இந்தக் கடைசிக் கருத்தை எல்லா மருத்துவர்களும் ஏற்க மாட்டார்கள். பாரிசிட்டினிப்பையே விரும்புபவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எல்லாரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: நிறுத்தினால் என்ன ஆகும்? டுபிலுமாபில் நன்றாக முன்னேறியவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர்ந்தவர்களில் 72 சதவீதம் பேர் முன்னேற்றத்தைத் தக்கவைத்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்தால் 58, எட்டு வாரத்துக்கு ஒன்று என்றால் 55, முழுதாக நிறுத்தியவர்களில் 30. அப்ரோசிட்டினிப் சோதனையில் நிறுத்தியவர்களில் பத்தில் எட்டு பேருக்கு நாற்பது வாரத்துக்குள் மறுபடி கிளம்பியது, 200 மில்லிகிராம் தொடர்ந்தவர்களில் பத்தில் இரண்டு பேருக்கு. செய்தியை நிறுத்தியிருக்கிறோம், அதை அனுப்பும், பழைய எதிரியை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு செல்கள் தோலிலேயே தங்கியிருக்கின்றன. அதனால் செலவைக் கணக்குப் போடும்போது முதல் நான்கு மாதத்தை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று வருடத்தை எழுதிப் பாருங்கள். நான்கு ஊசியோடு பணம் தீர்ந்து நிறுத்த வேண்டிய நிலை என்றால், அந்தப் பணத்தில் சில வருடத்து மெத்தோட்ரெக்சேட்டும் ரத்தப் பரிசோதனையும் டாக்ரோலிமஸும் லோஷனும் வாங்கிவிடலாம்.